மெட்டாலிகா விலைபோகவில்லை
1991 கருப்பு ஆல்பத்தின் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' என்ற மென்மையான பாட்டோடு, ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகா காசுக்காகத் தன் பாணியை விட்டு விலைபோய்விட்டது என்று ஒருவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1984லேயே 'ஃபேட் டு பிளாக்' என்று அக்கூஸ்டிக் கிதாரில் தொடங்கும் பாட்டைப் போட்டவர்கள் அவர்கள், அப்போதும் இதே புலம்பல்தான். அப்புறம், 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள்: ஆறாவது, மூன்றாவது, இரண்டாவது, முதல் கம்பி, எதையும் அழுத்த வேண்டாம், இடது கைக்கு வேலையே இல்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என்னிடம் கிதார் கற்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான், அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்களுடைய வேகமான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டின் பக்கம் போகிறார்கள், மணிக்கட்டு கடுத்தாலும் விடுவதில்லை. அந்தப் பாட்டுக்கு மைக்கேல் கேமன் அமைத்த ஆர்கெஸ்ட்ரா பிடிக்கவில்லையா, சரி. ஆனால் அதில் வரும் கிதார் சோலோ குழுவின் லீட் கிதார் கலைஞர் ஹேமட் வாசித்ததில்லை, பாடகர் ஹெட்ஃபீல்டே வாசித்தது, தன் மனசிலிருந்து வந்த பாட்டு என்பதால்தான் அவ்வளவு அழுத்தம்.