540 உதைக்கிறது

(கணக்குப் பிரிவு. மாலை நாலு மணி. இரண்டே மேஜை, இரண்டே ஆட்கள். மரகதம், ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறவர். கதிர், மூத்த உதவியாளராகிச் சில மாதங்களே ஆனவர். இன்று மாதக் கணக்கை முடித்தாக வேண்டும். இன்றைக்குத்தான் மேலாளர் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். மேலாளர்களுக்கு நாள் பார்க்கத் தெரியாது என்று யார் சொன்னது?)

கதிர்: அக்கா, படிவம் வந்திருக்கிறதே, பார்த்தீர்களா? ஐந்து மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டுமாம்.

மரகதம்: 540 உதைக்கிறது தம்பி. வங்கி ஸ்டேட்மென்ட் ஒன்று சொல்கிறது, நம் கணக்கு ஒன்று சொல்கிறது. அது கிடைக்கிற வரைக்கும் நான் எந்தப் படிவத்தையும் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

கதிர்: சரி, நான் வாசிக்கிறேன். காதை மட்டும் கொடுங்கள். 'பணியிட மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு. உங்கள் வேலையில் நிலையான மகிழ்ச்சி கிடைத்திருக்கிறதா? ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பெண் தரவும்.'

மரகதம்: நிலையானதா? இந்த ஆபீசில் நிலையாக இருப்பது பிரிண்டருக்குள் சிக்கிய தாள் ஒன்றுதான்.

கதிர்: பெயர் போட வேண்டாமாம். எல்லாம் ரகசியமாம்.

மரகதம்: பரவாயில்லையே.

கதிர்: பணியாளர் எண், பிரிவு, பிறந்த தேதி மட்டும் போதும்.

மரகதம்: கைரேகை கேட்கவில்லையா?

கதிர்: பிரிவு வாரியாகச் சராசரி எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்களாம்.

மரகதம்: நம் பிரிவில் இருப்பதே இரண்டு பேர். நான் 3 போட்டு, சராசரி ஆறரை என்று ஒட்டினால், நீ 10 போட்டிருக்கிறாய் என்று அர்த்தம். அப்புறம் உன்னோடு நான் எப்படிப் பேசுவது?

கதிர்: அது மட்டும் இல்லை. 5-க்குக் கீழே போட்டால் காரணம் எழுத வேண்டும், குறைந்தது நூறு எழுத்து. 10 போட்டாலும் எழுத வேண்டும்.

மரகதம்: பத்துக்கு எதற்குக் காரணம்?

கதிர்: சந்தேகம் வரும் இல்லையா?

மரகதம்: அப்படியென்றால் ஊர் உலகம் எல்லாம் 5-க்கும் 9-க்கும் நடுவில்தான் மகிழ்ச்சியாக இருக்கும். நூறு எழுத்து எழுத யாருக்குப் பொறுமை? 5 போட்டு அனுப்பு. எனக்கும் சேர்த்துப் போடு.

கதிர்: ஏனோதானோ என்று போட மனசு வரவில்லை அக்கா. உட்கார்ந்து யோசித்தேன். நான் நிஜமாகவே மகிழ்ச்சியாக இருக்கிறேனா?

மரகதம்: பிரமோஷன் வந்தபோது இருந்தாயே! அந்த நாற்காலியை மறந்துவிட்டாயா?

(கைப்பிடி வைத்த நாற்காலி. மூத்த உதவியாளருக்குக் கீழே யாருக்கும் கைப்பிடி கிடையாது. வந்த அன்று கதிர் அதன் அடியில் இருந்த கம்பியை இழுத்து இழுத்து, ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு முழு மதியத்தையும் கழித்தார். இப்போது ஒரு கைப்பிடியில் பை தொங்குகிறது. இன்னொன்றில் மழைக்கோட்டு.)

கதிர்: அதைத்தான் சொல்ல வந்தேன். இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பிரிக்மன், கேம்பல் என்று இரண்டு உளவியலாளர்கள் 1971-இல் வைத்தது. மகிழ்ச்சி டிரெட்மில். ஓடிக்கொண்டே இருப்போம், ஆனால் ஒரு அடிகூட நகர்ந்திருக்கமாட்டோம்.

மரகதம்: டிரெட்மில்லில் ஓட மற்றவர்கள் ஜிம்முக்குப் பணம் கட்டுகிறார்கள். நமக்குச் சம்பளம் கொடுத்து ஓட விடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் லாபம்தான். கொஞ்சம் இரு. 540-இல் பாதி 270. கொடுத்த பணம் 270-ஐ வந்த பணமாக யாராவது பதிந்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகி 540 காட்டும்.

கதிர்: அதே பிரிக்மன் 1978-இல் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து, லாட்டரியில் பெரிய பரிசு வாங்கியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். மற்றவர்களைவிட அவர்கள் அப்படி ஒன்றும் அதிக மகிழ்ச்சியில் இல்லை. நண்பரோடு பேசுவது மாதிரி அன்றாடச் சின்னச் சின்னச் சந்தோஷங்கள்கூட அவர்களுக்குக் குறைவாகத்தான் இனித்தனவாம்.

மரகதம்: எத்தனை பேரைக் கேட்டார்?

கதிர்: பரிசு வாங்கியவர்கள்... 22 பேர்.

மரகதம்: 22 பேரா! நம் லிஃப்ட்டுக்கு நிற்கிற வரிசையே அதைவிட நீளம். 270 இல்லை... 270 இல்லை... இங்கேயும் இல்லை.

கதிர்: உண்மையைச் சொன்னால், அதற்கப்புறம் சுவீடனில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2020-இல் வெளியானது. பெரிய தொகை விழுந்தவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடியது கூடியதுதான், பத்து வருடம் தாண்டியும் குறையவில்லை.

மரகதம்: கேட்டுக்கொள். லாட்டரி விழுந்தால் பத்து வருடம், பிரமோஷன் விழுந்தால் மழைக்கோட்டு காய்கிற வரைக்கும். போட வேண்டிய இடத்தில் முயற்சியைப் போடாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

கதிர்: (குரலைத் தாழ்த்தி) அதனால்தான் வேறு கம்பெனிக்கு விண்ணப்பம் போடலாமா என்று பார்க்கிறேன்.

மரகதம்: போடு. அங்கேயும் இந்தப் படிவம் வரும். அச்செழுத்து மட்டும் வேறு.

கதிர்: அதையும் படித்தேன். மேலாளர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து 2005-இல் எழுதியிருக்கிறார்கள். விலகுவதற்கு முன்னால் திருப்தி பாதாளத்துக்குப் போகிறது. புது இடத்தில் சேர்ந்ததும் உச்சிக்கு ஏறுகிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி இறங்கிவிடுகிறது. தேனிலவு முடிந்த தலைவலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மரகதம்: நீ எல்லாவற்றையும் படித்துவிட்டாயே! மாதக் கணக்கு ஏன் தாமதம் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

கதிர்: சரி, சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இது உங்களுக்குப் பிடிக்கும். கலிபோர்னியாவில் அரசு சம்பளம் வாங்குகிற எல்லோருடைய சம்பளத்தையும் ஒரு பத்திரிகை இணையத்தில் போட்டுவிட்டது. அங்கே பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு மட்டும், 'இப்படி ஒரு பக்கம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்' என்று ஆய்வாளர்கள் தகவல் கொடுத்தார்கள்.

மரகதம்: அடப் பாவிகளா! (முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து) அப்புறம்?

கதிர்: தன்னைப் போன்றவர்களைவிடக் குறைவாக வாங்குகிறவர்கள் பார்த்தார்கள், மனசு உடைந்தார்கள், வேறு வேலை தேடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

மரகதம்: அது தெரிந்ததுதான். அதிகம் வாங்குகிறவர்கள்?

கதிர்: அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. துளி சந்தோஷம்கூடக் கூடவில்லை.

மரகதம்: ஏன் கூடும்? 'எனக்கு இவ்வளவாவது தர வேண்டாமா' என்று ஏற்கெனவே நினைத்திருப்பார்கள். குறைவு தெரிந்தால் வலிக்கும், அதிகம் தெரிந்தால் இனிக்காது. இந்த ஒரு பக்கக் கணக்கை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்? (நின்று) அது சரி, நீ என் சம்பளத்தைப் பார்த்தாயா?

கதிர்: நான் எதற்கு அக்கா...

மரகதம்: பார்த்திருக்கிறாய். நாற்காலி வந்த வாரம் உன் முகம் தொங்கியதே! நான் வயிற்றுவலி என்று நினைத்தேன்.

கதிர்: (பேச்சை மாற்றி) உங்களுக்கு என்ன, ரிட்டயர் ஆகப்போகிறீர்கள். அப்புறம் நிலையான மகிழ்ச்சிதான். காலையில் எழ வேண்டாம், கணக்கு உதைக்காது.

மரகதம்: அதை நினைத்துத்தான் இந்த உதையையெல்லாம் தாங்குகிறேன்.

கதிர்: ஆனால் மரியந்தால் என்று ஓர் ஊர். ஆஸ்திரியாவில். ஊருக்கே சோறு போட்ட ஆலையை 1930 வாக்கில் மூடிவிட்டார்கள். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். நேரம் கொட்டிக் கிடக்கிறது, நூலகத்தில் கட்டணத்தை ரத்து செய்துவிட்டார்கள். புத்தகம் எடுப்பது கூடியிருக்க வேண்டும்தானே? குறைந்துவிட்டது!

மரகதம்: அது ஓய்வு இல்லை தம்பி, வேலை பறிபோனது. நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற கவலையில் எவன் கதைப்புத்தகம் படிப்பான்? மாதம் பிறந்தால் பென்ஷன் வரப்போகிறவளிடம் இதைச் சொல்லாதே.

கதிர்: தெருவில் நடக்கிற வேகத்தைக்கூட அளந்திருக்கிறார்கள். ஆண்கள் நடை மெதுவாகிவிட்டது. பத்தடி போனால் நிற்பார்கள். அவசரமாகப் போக ஓர் இடமும் இல்லை.

மரகதம்: பெண்கள்?

கதிர்: அவர்கள் வேகமாகத்தான் போனார்கள்.

மரகதம்: போகாமல்? வீட்டு வேலை அப்படியே இருந்திருக்குமே.

கதிர்: அதேதான் எழுதியிருக்கிறார்கள்.

மரகதம்: இதைக் கண்டுபிடிக்க ஆஸ்திரியா வரைக்கும் போனார்களா! எந்த ஆலையை மூடினாலும் எங்களுக்கு வேலையிழப்பு என்பதே கிடையாது. சரி, 270 இல்லவே இல்லை. அந்தக் கதவு அடைபட்டது. 5, 4, 0... கூட்டினால் 9. ஓகோ!

கதிர்: படிவத்தில் ஏழாவது கேள்வி. 'உங்கள் மேலாளர் உங்களை மகிழ்விக்க முயற்சி எடுக்கிறாரா?' என்ன போட?

மரகதம்: ...

கதிர்: 'முயற்சி எடுப்பதில்லை, தானாகவே நடக்கிறது' என்று போடலாமா?

மரகதம்: ...

கதிர்: அக்கா?

(பதில் இல்லை. மரகதத்தின் மூக்குக்கண்ணாடி நுனிமூக்கில் இறங்கியிருக்கிறது. உதடு எண்களை முணுமுணுக்கிறது. கதிர் தாளைச் சுருட்டி மேஜையில் தட்டுகிறார்.)

கதிர்: அக்கா!

மரகதம்: என்ன? தீப்பிடித்துவிட்டதா?

கதிர்: இல்லை, இதுதான் அது! பேஜர் ஆய்வு! வேலைக்குப் போகிறவர்களிடம் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கிறபோதெல்லாம் 'இப்போது என்ன செய்கிறாய், எப்படி இருக்கிறது' என்று எழுதச் சொன்னார்கள். 1989-இல் வந்தது. தன்னை மறந்து ஒன்றில் மூழ்குவது ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அதிகம் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆட்கள் வேலை நேரத்தில்தான் 'இப்போது வேறு எங்காவது இருந்தால் தேவலை' என்றும் எழுதினார்கள். நீங்கள் இப்போது மூழ்கிப்போனீர்கள்!

மரகதம்: மூழ்கினேனா? எரிச்சலில் இருக்கிறேன். வீட்டுக்குப் போனால் தேவலை என்று இருக்கிறது.

கதிர்: அச்சு அசலாக அதேதான்!

மரகதம்: உன் பேஜரை மூடி வைத்துவிட்டு இங்கே வா. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் என்ன அர்த்தம்?

கதிர்: (நாற்காலியோடு உருண்டு வந்து) இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 9-ஆல் வகுத்தால் 60. அப்படியென்றால் நூறாம் இடமும் பத்தாம் இடமும்.

மரகதம்: இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் 6. 7-ம் 1-ம், 8-ம் 2-ம், 9-ம் 3-ம், இல்லையென்றால் 6-ம் பூஜ்யமும். நீ வங்கிப் பக்கத்தைப் பிடி, நான் நம் பக்கத்தைப் பிடிக்கிறேன்.

கதிர்: 2,820... அது சரியாகவே இருக்கிறது. 1,930...

மரகதம்: இருக்கிறது. அடுத்தது.

கதிர்: 5,600...

மரகதம்: 5,600-தான். அடுத்தது, அடுத்தது.

கதிர்: 4,710.

மரகதம்: ...

கதிர்: அக்கா, 4,710.

மரகதம்: (மெல்ல) நம் பக்கத்தில் 4,170.

கதிர்: 4,710-இல் 4,170 போனால்...

இருவரும்: 540!

(கதிர் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கித் தட்டுகிறார். பை கீழே விழுகிறது. மரகதம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறார். ஒரு கணக்குப் பிரிவுக்கு இது மிகையான சத்தம்.)

கதிர்: அக்கா, உங்கள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே! இந்த நிமிஷம் எத்தனை மார்க்?

மரகதம்: எட்டு. தாராளமாக எட்டு.

கதிர்: எனக்கும் எட்டு. காரணமும் எழுத வேண்டாம். போட்டுவிடட்டுமா? மணி நாலு ஐம்பது.

மரகதம்: பொறு. அந்தப் பதிவை நான் போடவில்லை. அந்த வாரம் நான் லீவு. நீயா?

கதிர்: அன்றைக்கு நான் பயிற்சிக்குப் போயிருந்தேன். 'பதிவு செய்தவர்' என்ற பத்தியைப் பாருங்கள்.

(மரகதம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் போகிறார். வாசிக்கிறார். இன்னொரு முறை வாசிக்கிறார். முகத்தில் வெளிச்சம் பரவுகிறது. அது திரையின் வெளிச்சம் மட்டும் இல்லை.)

மரகதம்: தம்பி, 'நீங்கள் இரண்டு பேரும் இல்லாவிட்டால் என்ன, இதென்ன பெரிய வித்தையா, நானே போட்டுவிடுகிறேன்' என்று யாரோ சொன்னார்களே, நினைவிருக்கிறதா?

கதிர்: மேலாளரா!

மரகதம்: அவருடைய எண்தான்.

கதிர்: நமக்கு 'கவனக்குறைவைத் தவிர்ப்போம்' என்று சுற்றறிக்கை அனுப்பினாரே, அவரா!

மரகதம்: அந்தச் சுற்றறிக்கையின் தேதியைப் பார். பதிவு போட்ட அதே நாள்.

(இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பேச முடியவில்லை என்பதே சரி. கதிர் மேஜையில் கவிழ்ந்துகிடக்கிறார். தோள் குலுங்குகிறது.)

கதிர்: (கண்ணைத் துடைத்துக்கொண்டு) எட்டு போதாது அக்கா.

மரகதம்: போதாது. 10 போடு. எனக்கும் 10.

கதிர்: காரணம் கேட்குமே.

மரகதம்: 'மேலாளரின் நேரடிப் பங்களிப்பு' என்று எழுது.

கதிர்: அது நூறு எழுத்து வராது.

மரகதம்: பதிவு எண்ணையும் தேதியையும் சேர்த்துக்கொள்.