பள்ளத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கிறவர்களுக்கு

இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் என்றதும் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். வாசல் கதவின் தபால் துவாரம் வழியாகத் தினம் ஒரு நோட்டீஸ் விழுகிறது. நீலம், சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று நிறம்தான் மாறுகிறதே தவிர, உள்ளே இருக்கிற படம் மாறுவதே இல்லை. மழைக்கோட்டு போட்ட ஒருவர் ரோட்டுப் பள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அதை விரலால் காட்டுவார். கீழே கொட்டை எழுத்தில்: “இனியும் பொறுக்க முடியாது!”

பொறுக்க முடியாதது எனக்குத்தான். ஐயா, நீங்கள் நிற்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு. அந்த ரோடு அதற்கு மேல் அடுக்கில் இருக்கிற கவுண்டி கவுன்சிலுடையது. நீங்கள் ஜெயித்தாலும் அந்தப் பள்ளத்தில் ஒரு கரண்டி தார் ஊற்ற உங்களுக்கு அதிகாரம் கிடையாது. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் குந்தி உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறீர்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் ஒரு கடலோர ஊர். பெயர் வேண்டாம், இந்தக் கரையில் எந்த ஊரைச் சொன்னாலும் கதை ஒன்றுதான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பழைய நடைமேடை (pier), ஒரு காலத்தில் ஹோட்டல்களாக இருந்து இப்போது முதியோர் இல்லங்களாகிவிட்ட கட்டடங்கள், ஆகஸ்டில் கூட்டம், நவம்பரில் காற்று. இங்கே இரண்டு அடுக்கு நிர்வாகம். குப்பை, வீட்டுவசதி, கட்டட அனுமதி, கார் பார்க், பொதுக் கழிப்பறை எல்லாம் டிஸ்ட்ரிக்ட். ரோடு, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி. கவுன்சில் டேக்ஸ் என்கிற வீட்டுவரி பில் வருவது டிஸ்ட்ரிக்ட் பெயரில், ஆனால் வசூலாகிற பணத்தில் பெரும்பகுதி போவது கவுண்டிக்கு. போலீசுக்கும் தீயணைப்புக்கும் தனித்தனியாக ஒரு பங்கு. திட்டு வாங்குவதற்கு ஒருத்தர், பணத்துக்கு இன்னொருத்தர்.

எங்கள் தெருமுனையில் ஒரு வடிகால் இருக்கிறது. மழை கொஞ்சம் பலமாகப் பெய்தால் போதும், உள்ளே போக வேண்டிய தண்ணீர் வெளியே வரும். நான் முதலில் எழுதியது டிஸ்ட்ரிக்டுக்கு. “ரோட்டோர வடிகால் எங்களுடையது இல்லை, கவுண்டியிடம் கேளுங்கள்.” கவுண்டிக்கு எழுதினேன். “மேலே இருக்கிற இரும்பு வலை மட்டும்தான் எங்களுடையது, அதைச் சுத்தம் செய்தாயிற்று, அடைப்பு கீழே இருக்கிற குழாயில், அது தண்ணீர் கம்பெனியுடையது.” தண்ணீர் கம்பெனிக்கு எழுதினேன். “எங்கள் குழாயில் அடைப்பு இல்லை, தண்ணீர் தேங்குவது கார் பார்க்கில், அது டிஸ்ட்ரிக்டுடையது.” ஆக, தண்ணீர் இரண்டு அடி கீழே போவதற்குள் மூன்று அரசாங்கங்களைத் தாண்ட வேண்டும். மூன்று பேரும் மிகுந்த மரியாதையோடுதான் பதில் எழுதினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். “தங்கள் பொறுமைக்கு நன்றி” என்று மூன்றிலும் இருந்தது. என் பொறுமையை இவர்கள் எங்கே பார்த்தார்கள்?

இந்த வடிகால் எந்த நோட்டீசிலும் இல்லை. படம் எடுத்தால் நன்றாக வராது போல.

சரி, டிஸ்ட்ரிக்டின் கையில் நிஜமாகவே இருப்பது என்ன? குப்பை. கடற்கரையை ஒட்டிய உயரமான விக்டோரியா காலத்து வீடுகளை எல்லாம் நாலு, அஞ்சு ஃபிளாட்டுகளாகப் பிரித்துவிட்டார்கள். சக்கரத் தொட்டி வைக்க முன்னால் இடம் கிடையாது. அதனால் கறுப்புப் பைகளை அப்படியே நடைபாதையில் வைக்கிறோம். விடிகாலையில் சீகல் பறவைகள் இறங்கும். கோழி எலும்பு, குழந்தை டயப்பர், டீப்பை எல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் படிக்கட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து போடும். பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல், விளக்குமாற்றோடு நிற்கிறார். அந்தப் பறவைக்கு 1981-ல் வந்த வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, தொட முடியாது. தொடவும் வேண்டாம். கிழியாத கனமான மறுபயன்பாட்டுப் பையை வீட்டுக்கு ஒன்று கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சில ஊர்களில் கொடுக்கிறார்கள். இதற்குக் கவுண்டி வேண்டாம், பார்லிமென்ட் வேண்டாம், ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலர் எழுந்து நின்று பேசினால் போதும். இதைப் பற்றி ஒரு கட்சி, ஒரே ஒரு கட்சி, ஒரு வரி போட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக என்ன போடுகிறார்கள்? ஆங்கிலக் கால்வாயில் வருகிற ரப்பர் படகுகளைப் பற்றி. அகதிகளைப் பற்றிய முடிவு ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் எந்தக் கமிட்டியில் எடுக்கப்படுகிறது? குப்பைக் கமிட்டியிலா? படகைப் பற்றிய நோட்டீஸைச் சிரித்த முகத்தோடு என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார் ஒருவர். என் முகத்தைப் பார்த்தாரா, கதவு எண்ணை மட்டும் பார்த்தாரா, தெரியவில்லை.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற இந்த வித்தைக்குப் பெரிய உதாரணம் வேண்டுமென்றால் தானட்டைப் பாருங்கள். மார்கேட், ராம்ஸ்கேட், பிராட்ஸ்டேர்ஸ் எல்லாம் சேர்ந்த டிஸ்ட்ரிக்ட் அது. அங்கே மான்ஸ்டன் விமான நிலையத்தை 2014 மே மாதம் மூடிவிட்டார்கள். 2015 மே தேர்தலில் அதைத் திரும்பத் திறப்போம் என்பதைத் தூக்கிப் பிடித்தது, பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற வேண்டும் என்ற யூகிப் (UKIP) கட்சி. மொத்தம் 56 இடத்தில் 33-ஐப் பிடித்தது. நாட்டிலேயே அந்தக் கட்சி கைப்பற்றிய முதல் கவுன்சில். அதே நாளில் அங்கே எம்.பி. தேர்தலில் நின்ற அவர்களுடைய தலைவர் நைஜல் ஃபராஜ் தோற்றது தனிக்கதை.

பிறகு என்ன நடந்தது? விமான நிலையம் தனியாருடைய நிலம். கட்டாயமாகக் கையகப்படுத்த வேண்டுமானால் அதற்குப் பணம் போடுகிற ஆள் வேண்டும், வழக்கைத் தாங்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு ஏது அந்தச் சக்தி? சில மாதங்களிலேயே கையை விரித்தார்கள். கோபத்தில் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே வெளியேற, அந்த வருடம் முடிவதற்குள் பெரும்பான்மை போனது. 2018-ல் ஆட்சியும் போனது. விமான நிலையத்துக்கு அனுமதி கொடுத்தது கடைசியில் லண்டனில் இருக்கிற போக்குவரத்து அமைச்சகம். 2020-ல் கொடுத்து, 2021-ல் நீதிமன்றத்தில் அது ரத்தாகி, 2022-ல் மறுபடியும் கொடுத்தார்கள். இடையில் 2020 டிசம்பரில் பிரான்ஸ் எல்லையை மூடியபோது அதே ஓடுபாதையில் ஆயிரக்கணக்கில் லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தானட் மக்கள் போட்ட ஓட்டுக்கும் இது எதற்கும் என்ன சம்பந்தம்?

யூகிப்பை மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டுவிட முடியாது. எல்லாக் கட்சியும் கடலில் கழிவுநீர் கலப்பதை நிறுத்துவோம் என்று எழுதுகிறது. எப்படி? 1989-லேயே தண்ணீர் வாரியங்களைத் தனியாருக்கு விற்றாயிற்று. சதர்ன் வாட்டர் கம்பெனி 2010-க்கும் 2015-க்கும் இடையில் கென்ட், ஹாம்ப்ஷயர், சசெக்ஸ் கடலோரங்களில் கழிவுநீரைத் திறந்துவிட்டதை ஒப்புக்கொண்டது. 2021-ல் நீதிமன்றம் 9 கோடி பவுண்டு அபராதம் போட்டது. வழக்குப் போட்டது சுற்றுச்சூழல் துறை, எந்தக் கவுன்சிலும் இல்லை. நான் கவுன்சிலரை மாற்றலாம், எம்.பி.யை மாற்றலாம், தண்ணீர் கம்பெனியை மாற்ற எனக்கு வழியே இல்லை. மின்சாரக் கம்பெனியையாவது மாற்றிக்கொள்ளலாம், இதில் அதுவும் கிடையாது. ஓட்டுச்சீட்டில் இல்லாதவன்தான் என் பாத்ரூமை ஆள்கிறான்.

ஹேஸ்டிங்ஸில் 2024-ல் நடந்ததை யாராவது நாடகமாக எழுதியிருந்தால் ரொம்ப மிகை என்று சொல்லியிருப்போம். மே 2 வியாழக்கிழமை கவுன்சில் தேர்தல். முடிவில் மொத்தம் 32 இடத்தில் 12 இடத்தோடு பசுமைக் கட்சி பெரிய கட்சியாக வந்தது. வாக்கு எண்ணி முடித்த அந்த வாரக்கடைசி ஊரில் தண்ணீரே இல்லை. காட்டுக்குள் போகிற பெரிய குழாய் வெடித்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நாள்கணக்கில் வறண்டு கிடந்தன. அது மே மாதப் பொது விடுமுறை, ‘ஜாக் இன் த கிரீன்’ திருவிழா, ஊர் முழுக்க வெளியூர்க் கூட்டம். பாட்டில் தண்ணீருக்குக் காரில் வரிசை. ஜெயித்தவர்களுக்கு அன்று வாழ்த்துச் சொன்னவர்களைவிட, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? குழாய் அவர்களுடையது இல்லையே.

உண்மையில் இந்தக் கரையோரக் கவுன்சில்களின் கழுத்தை நெரிப்பது வேறு. வீடில்லாத குடும்பங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் கொடுப்பது டிஸ்ட்ரிக்டின் சட்டக் கடமை. வாடகைக்கு விட்டிருந்த வீட்டை எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு மாற்றிவிட்டார்கள் சொந்தக்காரர்கள். லண்டன் கவுன்சில்களும் தங்கள் ஊர்க் குடும்பங்களை இங்கே அனுப்புகின்றன. கிடைக்கிற அறைக்குக் கேட்கிற விலையை டிஸ்ட்ரிக்ட் கொடுத்தாக வேண்டும். அதில் மத்திய அரசு திருப்பித் தருவது 2011-ல் இருந்த வாடகைக் கணக்கில் 90 சதவீதம். மறுபடியும் படியுங்கள், 2011. அந்த வாடகைக்கு இன்று இந்த ஊரில் ஒரு கராஜ் கிடைக்குமா? மீதியைக் கவுன்சில் தன் கையிலிருந்து போட்டுப் போட்டுத்தான் ஹேஸ்டிங்ஸ் மாதிரியான ஊர்கள் திவால் விளிம்புக்குப் போனது. கழிப்பறையை மூடுவதும், பூங்கா ஆளைக் குறைப்பதும், கார் பார்க் கட்டணத்தை ஏற்றுவதும் இதனால்தான். தேர்தலில் பேச வேண்டிய ஒரே விஷயம் இது. நோட்டீசில் தேடுங்கள், கிடைக்காது. கிடைப்பது பட்டை வரைபடம்: “இங்கே அவர்களால் ஜெயிக்கவே முடியாது!” இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்துக்கு ஒரு பட்டை ஆள் உயரம், இன்னொன்று முழங்கால் உயரம். ஸ்கேல் வைத்து வரையத் தெரியாதவன் என் வரிப்பணத்துக்குப் பட்ஜெட் போடப் போகிறான்.

இந்த இரண்டு அடுக்குக் குழப்பம் தீர்ந்து ஒரே கவுன்சில் வரப்போகிறதாம். 2024 டிசம்பரில் அரசின் வெள்ளை அறிக்கை வந்தது. நல்லதுதான், நானும் சந்தோஷப்பட்டேன். அதற்கு முதல் படியாக என்ன செய்தார்கள் தெரியுமா? 2025 மே மாதம் நடக்க வேண்டிய தேர்தலை ஒன்பது இடங்களில் ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். ஈஸ்ட் சசெக்ஸ், வெஸ்ட் சசெக்ஸ், எசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக், ஹாம்ப்ஷயர், வைட் தீவு என்று அதில் பெரும்பாலானவை கடலோரம். யார் பொறுப்பு என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த முதல் பதில், ஓட்டே வேண்டாம்.

நம் ஆட்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. முதியோர் இல்லங்களிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கிற நம்மவர்கள் இந்த ஊர்களில் இப்போது நிறையப் பேர். இரவு ஷிஃப்டில் என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவன், “அக்கா, நமக்கெல்லாம் இங்க ஏதுக்கா ஓட்டு? நாம விசாவுல இருக்கோம்” என்றான். இருக்குடா. இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் காமன்வெல்த் நாடுகள். சட்டப்படி இங்கே தங்கியிருக்கிற அந்நாட்டுக் குடிமக்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமில்லை, பார்லிமென்ட் தேர்தலிலும் ஓட்டு உண்டு. தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலை நாள் முன்னால் பதிவு செய்தால் போதும். 2023-லிருந்து ஓட்டுச்சாவடியில் படம் போட்ட அடையாள அட்டை கேட்கிறார்கள், நம் இந்திய பாஸ்போர்ட்டே செல்லும். முதியவரின் பஸ் பாஸ் செல்லும், இளைஞனின் ரயில் சலுகைக் கார்டு மட்டும் செல்லாது. அந்த நியாயத்தை யாரிடம் கேட்பது என்பது அடுத்த பதிவு. காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கிறது. இவ்வளவு சொன்னபிறகும் தம்பி, “பார்க்கலாம்க்கா” என்றான். மூன்றில் ஒருவர், மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம் பேர்தான் இந்தத் தேர்தலுக்குப் போகிறார்கள். வார்டில் சில நூறு ஓட்டுகள்தான் ஆளைத் தீர்மானிக்கின்றன. நாங்கள் வேலை பார்க்கிற இல்லத்தின் ஊழியர்கள் மொத்தமாகப் போனால் எங்கள் வார்டின் முடிவு மாறும்.

போன தடவை ஒரே ஒருவர் கதவைத் தட்டி நேராகப் பேசினார். சுயேச்சை, ஓய்வுபெற்ற பிளம்பர். ரோடு என்னால் முடியாது என்றார். கடல் என்னால் முடியாது என்றார். கடற்கரைக் கழிப்பறையைக் குளிர்காலத்திலும் திறந்து வைக்கச் சொல்லிச் சண்டை போடுவேன், குப்பைக்குக் கிழியாத பை கேட்பேன், இரண்டுக்கும் செலவு ஆகும், கார் பார்க் கட்டணம் ஏறும், பரவாயில்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஓட்டுக் கேட்டு வந்தவர் செலவைச் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். அவருக்குத்தான் போட்டேன். நாலாவதாக வந்தார்.