மாநில அரசு அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை

மேலே ஒருவர், தேசிய மனித உரிமைகள் ஆணையம் புகார் வந்தால்தான் அசையும், மாநில அரசு அனுமதித்தால்தான் சிறைக்குள் போகும் என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. ஆணையத்தை உருவாக்கிய 1993 மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவைப் படியுங்கள், யாரும் மனு போடாமலே ஆணையம் தானாக விசாரணையில் இறங்கலாம். சிறைக்குப் போகும்முன் மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பழைய வாசகத்தையும் 2006 திருத்தம் எடுத்துவிட்டது.

அப்புறம், காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் வர வேண்டும் என்று ஆணையம் 1993 டிசம்பரிலேயே மாவட்ட ஆட்சியர்களுக்கும் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் போய்ச் சேரும்படி அறிவுறுத்தியது, தகவல் வராவிட்டால் சம்பவத்தை மறைக்க முயன்றதாகவே கருதுவோம் என்றும் சேர்த்தே சொன்னது. பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொன்னதும் இதே ஆணையம்தான்.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. அதன் பரிந்துரைகளை அரசு ஏற்றே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ராணுவம் மீதான புகாரில் 19ஆவது பிரிவின்படி மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்வதோடு அதன் கை கட்டப்பட்டுவிடுகிறது. ஆண்டறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கும்போது, எந்தப் பரிந்துரையை ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தையும் அரசு வைத்தாக வேண்டும். அந்தக் காரணங்களை எடுத்து வைத்து எம்.பி.க்களிடம் கேள்வி கேளுங்கள்.