எண்ணை மட்டும் பார்த்து சாகே வாங்காதீர்கள்

ஜப்பானிய அரிசி மதுவான சாகேயின் லேபிளில் நிஹோன்ஷு-தோ என்ற எண் +5 என்றிருந்தால் அது டிரை (இனிப்பு குறைவாகத் தெரியும்) சாகே, அதை நன்றாகக் குளிரவைத்துக் குடிக்க வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. அது போதாது. அந்த எண் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியைத்தான் காட்டும். சர்க்கரை குறைந்தாலும் எண் ஏறும், ஆல்கஹால் கூடினாலும் ஏறும். பக்கத்திலேயே அமிலத்தன்மை போட்டிருந்தால் அதையும் பாருங்கள். அதே +5-இல் 1.0 உள்ளது மெலிதாக வழுக்கிக்கொண்டு இறங்கும். 1.8 உள்ளது நாக்கின் ஓரங்களை இறுக்கிப் பிடிக்கும், இன்னும் டிரையாகத் தெரியும்.

5 டிகிரியில் மணம் அடங்கி இனிப்பும் மங்கிவிடுவதால் சாகேக்களுக்குள் வித்தியாசமே பிடிபடாது. 10 முதல் 15-க்குள் தொடங்குங்கள். ஒரு சிறு மடக்கு, வாயில் கொஞ்சம் காற்றை இழுத்து நாக்கு முழுக்கப் பரப்பி, விழுங்கியபின் மூக்கால் மூச்சுவிடுங்கள். ஜப்பானின் நீகாத்தா பகுதிப் பாணி டிரை சாகேயில் சுவை சட்டென்று அறுந்துபோக வேண்டும். அந்தத் துப்புரவான முடிவுதான் அதன் அழகே.

ஜுன்மாய் (தனியாக ஆல்கஹால் சேர்க்காத சாகே) என்றால் தொக்குரி எனும் சாகே குடுவையில் ஊற்றி, கொதித்ததும் அடுப்பை அணைத்த வெந்நீரில் இறக்கி 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அரிசியின் உமாமி, அதாவது நாவில் நிறையும் அந்தச் சுவை, அப்போதுதான் விரியும். நேரடியாக அடுப்பில் வைத்தால் சூடு சட்டென்று ஏறி ஆல்கஹால் நெடி மூக்கைத் தாக்கும். உப்புப் போட்டுச் சுட்ட மீன் இதற்கு அருமையான துணை.