நடுவுல ஆளே இல்லாம முன்னாடி எத்தனை பேரை வாங்குவீங்க?

கூரை ஒழுகுது, இவங்க வாசலுக்கு கிரானைட் போடுறாங்க. 2025 கோடையில மான்செஸ்டர் யுனைடெட் செஞ்ச வேலை இதுதான். குன்யாவுக்கு 62.5 மில்லியன் பவுண்டு, எம்பூமோவுக்கு 65, செஸ்கோவுக்கு 66.3. மூணு பேருமே கோலுக்குப் பக்கத்துல ஆடுறவங்க. நடுக்களத்துக்கு? ஒருத்தர்கூட இல்ல. பிரைட்டன்கிட்ட பலேபாவை விசாரிச்சாங்க, விலை கட்டுப்படியாகலன்னு திரும்பி வந்தாங்க. அவர் இல்லன்னா அடுத்த பெயர் எதுன்னு ஒரு பட்டியல்கூடவா கையில இருக்காது?

முந்தின சீசன்ல 38 ஆட்டத்துல 18 தோல்வி, 42 புள்ளி, 15வது இடம். அடிச்சது 44 கோல்தான், அதனால முன்னாடி ஆள் வேணும்கிறதை ஒத்துக்குறேன். ஆனா பந்து அங்க போய்ச் சேரணும்ல?

அப்போ பயிற்சியாளரா இருந்த அமோரிமோட 3-4-2-1ஐ ஒரு தாள்ல வரைஞ்சு பாருங்க. பின்னாடி மூணு சென்டர் பேக், ரெண்டு ஓரத்துலயும் விங் பேக், நடுவுல ரெண்டே பேர், அவங்களுக்கு முன்னாடி ரெண்டு பத்தாம் நம்பர், உச்சியில ஒரு ஸ்ட்ரைக்கர். எதிரணி 4-3-3ல வந்தா அவங்களுக்கு நடுவுல மூணு பேர். அந்த மூணாவது ஆளை யார் பிடிக்கிறது? பத்தாம் நம்பர்ல ஒருத்தர் கீழ இறங்குனா, முன்னாடி எதிரணியை நெருக்குற பிரெஸ் செத்துச்சு. அவங்க டிஃபெண்டர் சாவகாசமா தலையைத் தூக்கிப் பாஸ் போடுவார். நம்ம ஓரத்து சென்டர் பேக் மேல ஏறுனா, அவர் விட்டுட்டு வந்த சந்துல விங்கர் புகுந்துடுவார். அடைக்க வேண்டிய விங் பேக் எதிரணிக் கொடிக்கம்பத்துப் பக்கம் நிப்பார். எந்தப் பக்கம் போர்வையை இழுத்தாலும் இன்னொரு பக்கம் கால் வெளிய தெரியும்.

இந்த வடிவமே தப்புன்னு சொல்ல வரல. ஸ்போர்ட்டிங்ல இதே வடிவத்தோட 2021லயும் 2024லயும் போர்ச்சுகல் லீக்கை ஜெயிச்சவர்தான் அவர். ஆனா நடுவுல நிக்கிற ரெண்டு பேருக்கும் நாலு நுரையீரல் வேணும். நாம நிறுத்துனது யாரை? 33 வயசு காசெமிரோவையும் புரூனோவையும். புரூனோ பந்தை இழந்த அடுத்த நொடி அதைத் துரத்திக்கிட்டு முன்னாடி ஓடுற ஆளு. அது அவர் ரத்தத்துலயே இருக்கு. அவர் ஓடுனா காசெமிரோ தனியா ஒரு மைதானத்தையே காவல் காக்கணும். அணியில அதிகமா கோல் வாய்ப்பு உருவாக்குறவரை கோலுக்கு இவ்வளவு தூரத்துல கட்டிப்போடுறதுக்குப் பேரு டாக்டிக்ஸா? நடுக்களத்துல ஆடுற இளம் மைனூ பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். 2025-26 சீசன்ல அமோரிம் இருந்தவரைக்கும் லீக்ல ஒரு ஆட்டத்துலகூட அவரை முதல் பதினொண்ணுல இறக்கல. நாலாவது டிவிஷன் கிரிம்ஸ்பிகிட்ட பெனால்ட்டியில 12-11னு தோத்தப்பகூட வடிவம் மாறல.

பயிற்சியாளரை மட்டும் திட்டிட்டுப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2024 ஜூலையில அமோரிமுக்கு முந்தின பயிற்சியாளர் டென் ஹாக்குக்கு ஒப்பந்தத்தை நீட்டிச்சு, அவர் கேட்ட டி லிக்ட்டையும் மஸ்ராவியையும் வாங்கிக் கொடுத்து, அக்டோபர்ல வெளிய அனுப்புனது யாரு? அப்புறம் வந்தவரோட வடிவத்துல விங்கருக்கே இடமில்ல. ராஷ்ஃபோர்ட், கர்னாச்சோ, ஆண்டனி மூணு பேரும் ஒரே நாள்ல வேண்டாத பொருள் ஆனாங்க. நீங்க வேண்டாம்னு நினைக்கிறது ஊருக்கே தெரிஞ்சா எவன் நல்ல விலை கொடுப்பான்?

ஆண்டனி கணக்கையே பாருங்க. 2022ல 95 மில்லியன் யூரோ, 5 வருஷ ஒப்பந்தம். கணக்குப் புத்தகத்துல வருஷத்துக்கு 19 மில்லியன் கழியும். மூணு வருஷம் கழிச்சு இன்னும் 38 மில்லியன் பாக்கி நிக்கும். அவரை வாங்குன ஸ்பெயின் கிளப் பெட்டிஸ் கொடுத்த உறுதித் தொகை 22. மீதி 16 நேரா நஷ்டத்துல ஏறும். அப்போ இருந்த பிரீமியர் லீக் விதிப்படி மூணு வருஷத்துல 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக் கூடாது. அப்போ ஓட்டையை எப்படி அடைக்கிறது? கிளப்பே சின்ன வயசுலேர்ந்து வளர்த்த அகாடமிப் பசங்களை வித்துதான். வாங்குன விலை பூஜ்யம்கிறதால வித்த காசு முழுசும் லாபமாக் காட்டலாம்.

அப்படிப் போனவர்தான் மெக்டோமினே. சுமார் 25 மில்லியன் பவுண்டுக்கு நாப்போலிக்கு. போன முதல் சீசன்லயே 12 லீக் கோல், சாம்பியன் பட்டம், இத்தாலி லீக்கான சீரி ஆ-வோட சிறந்த ஆட்டக்காரர் விருது. பாக்ஸுக்கும் பாக்ஸுக்கும் ஓடுற நடுக்கள ஆள் இல்லன்னு புலம்புற கிளப் வித்தது அவரை! விங்கர் சான்சோ கதை இன்னும் கேவலம்: கடனா எடுத்த செல்சி, அவரை வாங்குறதுக்குப் பதிலா 5 மில்லியன் அபராதம் கட்டித் திருப்பி அனுப்புச்சு.

கோல்கீப்பர் லாமென்ஸ் மட்டும் உருப்படியான வாங்கல். சுமார் 18 மில்லியன் பவுண்டு, தேவைப்பட்ட இடம், இளம் வயசு. இதே புத்தி நடுக்களத்துக்கு ஏன் வரல?

2026 ஜனவரியில அமோரிமையும் அனுப்பியாச்சு. காசெமிரோ ஒப்பந்தமும் 2026 கோடை வரைக்கும்தான். ரெண்டு பேர் வேணும்: பந்தைப் பறிச்சு, திரும்பி, அழுத்தத்துல பாஸ் போடுற ஆறாம் நம்பர் ஒருத்தர், 90 நிமிஷமும் ஓடுற எட்டாம் நம்பர் ஒருத்தர். ரெண்டு பேரும் 25 வயசுக்குள்ள, ஜூலை டூர் கிளம்புறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்கணும். ஆகஸ்ட் கடைசி நாள் ராத்திரி இன்னொரு விங்கரோட போட்டோவைப் போட்டு ‘வெல்கம்’னு சொன்னீங்க, அவ்வளவுதான்.