அதிபர் மன்றத்துக்குப் புகார் அனுப்பச் சொல்லும் தகவல் தவறு

“சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்துக்கு எழுதுங்கள்; வீட்டு வாடகை, வேலை என எதில் பாகுபாடு நடந்தாலும் விசாரிப்பார்கள். பிடிக்காத சட்டத்தையும் அவர்களே ரத்து செய்வார்கள்” என்று சிங்கப்பூரில் வாட்ஸ்அப் வழியாக ஒரு தகவல் சுற்றுகிறது. நல்ல எண்ணத்தில்தான் பகிர்கிறார்கள், ஆனால் இரண்டுமே தவறு.

1970இல் தொடங்கிய இந்த மன்றத்தின் முக்கிய வேலை வேறு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா அதிபரின் ஒப்புதலுக்குப் போகும் முன் இங்கே வரும். ஏதேனும் ஓர் இனத்தையோ சமயத்தையோ அது பாரபட்சமாக நடத்துகிறதா என்று, பொதுவாக 30 நாளுக்குள், மன்றம் பார்த்துச் சொல்லும். பாதகமான அறிக்கை வந்தாலும் மசோதா செத்துப்போகாது. நாடாளுமன்றம் திருத்தலாம், அல்லது மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அப்படியே அதிபருக்கு அனுப்பலாம். நிதி மசோதாக்கள் இங்கே வருவதே இல்லை; அவசரம் என்று பிரதமர் சான்றளித்தவை சட்டமான பிறகுதான் வரும். பலருக்கு இது தெரியாது.

தனிநபர் புகாரா? அரசாங்கமோ நாடாளுமன்றமோ அனுப்பும் விவகாரங்களைத்தான் மன்றம் ஆராயும். வேலையிடப் பாகுபாட்டுக்கு, நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டாஃபெப் (TAFEP) இருக்கிறது.

சந்தேகமிருந்தால் அரசமைப்புச் சட்டத்தின் 76 முதல் 78 வரையான பிரிவுகளைப் பாருங்கள், அரசாங்கச் சட்ட இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.