எரிந்த சுவரை எரிந்தபடியே விடுங்கள்

பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேச்சு வந்தால் நான் வாஷ்பர்ன் 'ஏ' மாவு ஆலையைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது.

கேட்வாலடர் வாஷ்பர்ன் 1874இல் கட்டியது. செயின்ட் அந்தோனி அருவியின் விசையில் ஓடியது. கோதுமைக் குருணைமீது காற்றை ஊதித் தவிட்டைப் பிரிக்கும் கருவி அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. வெள்ளை வெளேரென்று மாவு கிடைத்தது, லாபமும் கொழித்தது. ஆலைக்குள் தூசியும் பெருகியது. நம் ஊர் மாவு மில்லில் நின்றவர்களுக்கு அந்தப் புகைமூட்டம் தெரியும். அது அடர்ந்து மிதக்கும்போது ஒரு பொறி போதும், வெடித்துவிடும். 1878 மே 2 மாலை அப்படித்தான் வெடித்தது. தானியம் இல்லாமல் சுழன்ற இரண்டு கற்கள் உரசிப் பொறி கிளம்பியது என்பதே அன்றைய முடிவு. உள்ளே இருந்த 14 பேரும் இறந்தார்கள். பக்கத்து ஆலைகளில் இன்னும் நால்வர். பகல் முறைக்காரர்கள் வேலை முடிந்து போயிருந்ததால்தான் சாவு அத்தோடு நின்றது. தூசியை உறிஞ்சும் கருவிகளை அதன் பிறகுதான் பொருத்தினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

1880இல் மீண்டும் எழுந்த ஆலை 1965இல் மூடப்பட்டது. 1983இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. அப்படியும் 1991இல் தீ புகுந்து கட்டடத்தைக் கூடாக்கிவிட்டது.

அடுத்து அங்கே எடுக்கப்பட்ட முடிவைத்தான் நான் கொண்டாடுகிறேன். இடித்துத் தள்ளவில்லை, பழையதைப் போலப் புதிதாகக் கட்டி ஏமாற்றவும் இல்லை. கருகிய சுண்ணாம்புக்கல் சுவர்களைத் தாங்கி நிறுத்தி, அவற்றுக்குள்ளேயே 2003இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். சாயம் பூசிப் பளபளப்பாக்கியிருந்தால் அங்கே நெருப்பு நடந்ததே மறந்துபோயிருக்கும். நம்மவர்கள் பழைய கோயில் தூணைக்கூட மணலை வீசித் தேய்த்து, உளித்தடம் அழிந்த பிறகு புதுப்பித்தோம் என்கிறார்கள்.

ஒரு குறையும் எனக்கு உண்டு. அந்த அருவி அப்பகுதியின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுக்குப் புனிதமான இடம். ஆலைகளுக்கு நீர்விசை வேண்டும் என்பதற்காக அருவியின் முகத்தையே மரப்பலகையால் மூடினார்கள். பின்னாளில் அது கான்கிரீட் சரிவாகிவிட்டது. இந்த இடத்தின் வரலாற்றை வாஷ்பர்னிலிருந்து தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அருவியை இழந்தவர்களிடமிருந்து தொடங்கட்டும். அடுத்து அந்த 18 தொழிலாளர்கள் வரட்டும். முதலாளியின் பெயர் அதற்குப் பிறகு வந்தால் போதும்.